வார்டில் தீவிர நோயாளிக்கு மசாஜ்: “லேசாக” என்றால் எவ்வளவு? எங்கே தொடக் கூடாது?

கேள்வி: கைப்பழக்கம்

சாதாரண உடல்நிலை உள்ளவர்களுக்கு மசாஜ் செய்ய முறையான பயிற்சி இருக்கிறது. மருத்துவமனை வார்டுதான் புதிது. புற்றுநோய் வார்டு, கூடவே ஐசியு. டாக்டர் தரும் அனுமதியில் “லேசான மசாஜ் செய்யலாம்” என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. லேசாக என்றால் எவ்வளவு என்று கேட்டால் “பார்த்துப் பண்ணுங்க” என்பதே பதில்.

கேஸ் ஷீட்டில் எதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும்? பிளேட்லெட் குறைந்தவருக்கு எந்த எண்ணுக்குக் கீழே கையை அடக்க வேண்டும்? டிரிப், டிரெயின், யூரின் டியூப் எல்லாம் போக உடம்பில் எந்த இடம் மிஞ்சும்? எண்ணெயா, லோஷனா? கால் வீங்கியவர்கள் பெரும்பாலும் “காலைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?


பதில் 1: மெல்லழுத்தம்

“லேசாக” என்பதை ஒவ்வொருவரும் தன் கையை வைத்து அளப்பதால்தான் இந்தக் குழப்பம். புற்றுநோய் மசாஜ் பயிற்சியில் அழுத்தத்தை 5 படிகளாகப் பிரிப்பார்கள். முதல் படி, லோஷனைத் தோல்மேல் பூசும் அளவு: தோல் மட்டும் நகரும், அடியில் எதுவும் அசையாது. இரண்டாம் படி, பூசிய லோஷனைத் தேய்த்து உள்ளிறக்கும் அளவு: தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பும் மேல்தசையும் சற்றே அசையும். மூன்றாம் படியில் தசை பிசைபடத் தொடங்கும். நான்கும் ஐந்தும் ஆழமான அழுத்தம். வார்டில் படுத்திருப்பவருக்கு 1, 2 தவிர வேறெதுவும் கிடையாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டாக்டரிடமும் “லேசாக” என்று எழுத வேண்டாம், “முதல் படி, கை மட்டும், 15 நிமிடம்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அழுத்தம் கூடிவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. முன்கையை நீவும்போது நோயாளியின் தோளையும் தலையையும் கவனியுங்கள். அவை கொஞ்சம் ஆடினாலும் மூன்றாம் படியைத் தொட்டுவிட்டீர்கள். கையின் சொந்த எடையே போதும்; உடம்பின் எடையைக் கைக்குள் இறக்கக் கூடாது. ஆரோக்கியமானவர்களுக்குச் செய்து பழகிய கைக்கு இதுதான் மிகக் கடினம். சில வாரம் ஆகும்.

பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு): வழக்கமான அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் பிசைவது நின்றுவிட வேண்டும். 50,000க்குக் கீழே முதல் படி மட்டும். 20,000க்குக் கீழே நீவுவதையும் விட்டுவிட்டு, கையை வைத்தபடி அசைக்காமல் இருப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 10,000க்குக் கீழே அடிபடாமலே ரத்தக்கசிவு வரக்கூடும். கை வைப்பதற்கும் அன்றைய டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த எல்லைகள் மாறும். உங்கள் வார்டின் எல்லையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது அன்றைய ரிப்போர்ட், போன வார ரிப்போர்ட் அல்ல. பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். போன முறை தாங்கிய அழுத்தம் இந்த முறை நீலக்கட்டாக நிற்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வேறு காரணங்களால் கையை அடக்க வேண்டியிருக்கும். எலும்புக்குப் பரவிய இடத்தில் அழுத்தமே கூடாது. விலா, முதுகெலும்பு, தொடை எலும்பு இவை சாதாரணமாகப் புரட்டும்போதே முறியக்கூடும். நிணநீர் முடிச்சு அகற்றிய பக்கம் என்றால் கையை மட்டும் விட்டால் போதாது. அந்தப் பக்கத்து மார்பு, அக்குள், மேல்முதுகு என உடம்பின் அந்த நாலில் ஒரு பகுதி முழுவதும் முதல் படிதான், நீவுவதும் உடம்பை நோக்கித்தான். அறுவை முடிந்து பல வருடம் ஆகியிருந்தாலும் இதேதான். கதிர்வீச்சு நடக்கும் இடத்தில் கையும் வேண்டாம், லோஷனும் வேண்டாம். அங்கே வரைந்திருக்கும் அடையாளக் கோடுகள் அழிந்தால் அடுத்த அமர்வுக்கு மறுபடி அளக்க வேண்டிவரும். கட்டி கைக்குத் தட்டுப்படும் இடத்தை விட்டுவிடுங்கள். மசாஜ் செய்தால் புற்றுநோய் பரவும் என்ற பயம் குடும்பத்தாரிடம் இன்னும் நிறைய இருக்கிறது. அப்படிப் பரவுவதற்குச் சான்று இல்லை என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

விரல் மரத்துப்போனவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை கால் நரம்பைப் பாதிக்கும். “இது போதுமா, வலிக்குதா?” என்ற உங்கள் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை நம்ப முடியாது, அங்கே உணர்வு குறைந்திருக்கும். இறகால் தொடுவதுபோல் வருடினாலோ கூசும், எரியும். உள்ளங்கையை முழுதாகப் பதித்து அசையாமல் பிடித்திருப்பதைத்தான் பலர் ஏற்கிறார்கள். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவருக்குக் குளிர்ந்த கையே வேதனை. உங்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். கேபசிடபைன் என்ற கீமோ மாத்திரை சாப்பிட்டு உள்ளங்கை, பாதம் சிவந்து உரிகிறவருக்கு அந்த இடத்தில் உராய்வு கூடவே கூடாது.

செய்முறை, மொத்தம் 15 முதல் 20 நிமிடம். இரண்டு உள்ளங்கையையும் தோளிலோ முன்கையிலோ வைத்து அரை நிமிடம் சும்மா இருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக நீவத் தொடங்குவது புதியவர்கள் செய்கிற முதல் தவறு; அடிக்கடி ஊசி குத்தப்பட்ட உடம்பு, கை பட்டதும் விறைக்கும். பிறகு லோஷனை உங்கள் கையில் சூடாக்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே நீவல், 4–5 விநாடி. திரும்பி வரும்போது அழுத்தமே இல்லாமல் தோலைத் தொட்டபடி வர வேண்டும். ஐந்தாறு தடவை. அடுத்து புறங்கை, பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையில் இரண்டு கட்டைவிரலாலும் மெதுவான வட்டம், கடைசியாக விரல்கள் ஒவ்வொன்றாக. விரலை இழுத்துச் சொடுக்கெடுப்பது வேண்டாம். ஒரு கைக்கு 5 நிமிடம். மறு கை. கால் அனுமதி இருந்தால் பாதம் மட்டும். முடிக்கும்போது ஆரம்பித்த இடத்திலேயே கை வைத்து, “முடிஞ்சுது, கையை எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு எடுங்கள்.


பதில் 2: இரவுப்பணி

மேலே சொன்னதோடு வார்டு நர்ஸ் பக்கத்திலிருந்து சிலதைச் சேர்க்கிறேன்.

படுக்கைக்குப் போகும் முன் டூட்டி நர்ஸிடம் கேளுங்க: காய்ச்சல் உண்டா, இன்றைய பிளேட்லெட், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டும் அளவு), நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எவ்வளவு, ரத்தக்கட்டு சந்தேகம் இருக்கா, தொற்றுக்கான தனி அறையா, வலி மருந்து எப்போ கொடுத்தீங்க. இரண்டு நிமிஷ வேலை. வலி மருந்து கொடுத்து அரை மணி, ஒரு மணி கழிச்சு வந்தீங்கன்னா அவருக்கும் சுகம், உங்களுக்கும் வேலை சுலபம். டிரெஸ்ஸிங் மாத்துற நேரம், சாப்பாடு முடிந்த கையோடு, பிசியோ வந்து போன உடனே, இந்த நேரங்களைத் தவிருங்க.

கை கழுவுறது: ஆல்கஹால் திரவம்னா 20–30 விநாடி, சோப்பு தண்ணீர்னா 40–60 விநாடி. மோதிரம், வாட்ச், வளையல் கழட்டி, முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லாம. நகம் சதைக்கு மேலே நீளக்கூடாது. ஸ்டீராய்டு ரொம்ப நாள் எடுத்தவங்க தோல் காகிதம் மாதிரி கிழியும். வயிற்றுப்போக்குக்குக் காரணமான சி. டிஃபிசில் தொற்று இருக்கிற அறையில ஆல்கஹால் திரவம் பலிக்காது, அதோட வித்துகளை அது கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருக்கிற நோயாளிகிட்ட, உங்களுக்குத் தொண்டை கரகரன்னாலும் அன்னைக்குப் போகாதீங்க.

லோஷன் பாட்டிலை படுக்கைக்குப் படுக்கை தூக்கிட்டுப் போறதைத்தான் நான் முதல்ல தடுப்பேன். ஒரு பாட்டில் நாலு படுக்கைக்குப் போனா கிருமியும் கூடவே போகும். வெளியிலேயே சின்னக் கப்பில் 10 மில்லி ஊத்திட்டு உள்ளே போங்க. இரண்டு கைக்கும் பாதத்துக்கும் அது தாராளம். மிச்சத்தைக் கொட்டிடுங்க. வாசனை கலக்காதது வேணும்: கீமோ எடுக்கிறவங்களுக்கு மல்லிகையோ லாவெண்டரோ எதுவா இருந்தாலும் குமட்டல் வரலாம், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சேர்த்து. எண்ணெயை விட தண்ணீர் கலந்த லோஷன் நல்லது. எண்ணெய் பிசுக்கில் டிரிப் பிளாஸ்டர் பிடிக்காது, லேடெக்ஸ் கையுறையும் எண்ணெய் பட்டா பலம் இழக்கும். ஆக்சிஜன் போய்க்கிட்டு இருந்தா முகத்துக்கும் மூக்குக்கும் பக்கத்தில் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து.

டியூப் விஷயம். தொடறதுக்கு முன்னாடி போர்வையை விலக்கி, ஒவ்வொரு குழாயும் எங்கே தொடங்கி எங்கே போகுதுன்னு கண்ணால் பின்தொடருங்க. டிரிப் ஊசி இருக்கிற கையில் ஊசிக்கு மேலேயும் கீழேயும் ஒரு கை அகலமாவது விட்டுடுங்க. கழுத்து சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போற குழாய்), மருந்து ஏத்த மார்புத்தோலுக்குள்ள வச்ச போர்ட், இதுங்க பக்கமே வேண்டாம். டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) இருந்தா அந்தக் கையில் அழுத்தமே கூடாது. வலிக்கு ஒட்டுற ஃபென்டனில் பட்டையைத் தேய்க்கவோ சூடுபடுத்தவோ கூடாது. மருந்து வேகமா உள்ளே போய் மூச்சு மந்தமாகும். கழட்டின இடத்துலயும் அன்னைக்குக் கை வைக்காதீங்க, தோலுக்குள்ள மருந்து இன்னும் இருக்கும். இன்சுலின், ஹெப்பாரின் ஊசி போட்ட இடமும் அப்படியே விடணும். மூக்கு வழியா உணவு போறவங்களுக்குத் தலைப்பக்கம் 30–45 டிகிரி உயர்ந்திருக்கும். உங்க வசதிக்காக அதை இறக்கிடாதீங்க, உணவு மூச்சுக்குழாய்க்குப் போயிடும்.

கட்டிலை உங்க இடுப்பு உயரத்துக்கு ஏத்திக்கங்க, முடிச்சதும் இறக்குங்க. கம்பி, அழைப்பு மணி, தண்ணீர் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தாகணும். மசாஜ் முடிஞ்சதும் தானா எழுந்து பாத்ரூம் போக விடாதீங்க. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும், விழுந்துடுவாங்க.


பதில் 3: மூட்டுத்தசை

கால் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த வார்டில் மிகப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, கெண்டைக்காலில் வலி இருந்தால் கையை எடுத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். காலின் ஆழத்திலுள்ள சிரையில் (ரத்தக்குழாயில்) ரத்தக்கட்டாக இருக்கலாம். பிசைந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கும். புற்றுநோய், அறுவை சிகிச்சை, நாள்கணக்கில் படுக்கை, மூன்றுமே ரத்தக்கட்டு வாய்ப்பைக் கூட்டுபவை. இவர்களில் பலருக்கு மூன்றும் ஒன்றாக இருக்கும். எந்த அறிகுறியும் காட்டாத கட்டும் உண்டு. அதனால் நீண்ட நாள் படுத்திருப்பவரின் தொடையையும் கெண்டைக்காலையும் பிசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தைப் பிடிப்பதும் முதல் படியில்தான்.

இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதென்றால் காரணம் இதயமாக, சிறுநீரகமாக, ஈரலாக இருக்கலாம், அல்லது புரதக் குறைவாக இருக்கலாம். மசாஜ் அந்த நீரைக் கரைக்காது. இதயம் பலவீனமானவருக்குக் காலை மேல்நோக்கி அழுத்தி உருவினால் அந்த நீர் இதயத்துக்குத்தான் போய்ச் சேரும், மூச்சு வாங்கும். “பிடிச்சு விடுங்க” என்று கேட்பவரிடம் “இந்தக் காலில் இப்ப அழுத்தக் கூடாது, பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் பாதத்தை மேலும் கீழுமாக அணைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். பெரும்பாலும் அவர் கேட்டது இதைத்தான்.

இன்னொன்று, பழைய பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை எலும்பு மேல் தோல் சிவந்திருந்தால் ரத்த ஓட்டம் வரட்டும் என்று தேய்த்துவிடுவார்கள். செய்யக் கூடாது. சிவப்பு என்பது அழுத்தத்தால் அடித்திசு ஏற்கனவே அடிபட்டிருக்கலாம் என்பதன் அறிகுறி. தேய்த்தால் நுண்நாளங்கள் கிழிந்து புண் ஆழமாகும். விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, நிறமாற்றம் இவற்றைத் தேட வேண்டும். நர்ஸிடம் சொல்லி அந்தப் பக்கம் பாரம் விழாமல் திருப்பிப் படுக்க வையுங்கள். நீங்கள்தான் அவர் பாதத்தையும் முதுகையும் இவ்வளவு நிதானமாகப் பார்க்கிறவர். நர்ஸ் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் படும்.

முதுகுக்குக் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கம் இங்கே செல்லாது. பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, மேல்கைக்கு அணைவாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. புரட்டுவதற்கே அவருக்கு மூச்சு வாங்குகிறதென்றால் அன்று முதுகு வேண்டாம், கை போதும்.


கைப்பழக்கம்

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. ஐசியு பற்றி இன்னும் ஒரு கேள்வி. வென்ட்டிலேட்டரில், மயக்க மருந்தில் இருப்பவர் வலிக்கிறது, போதும் என்று சொல்ல முடியாது. அவரைத் தொடுவது சரியா? சரி என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எப்படித் தெரியும்?


பதில் 4: மூட்டுத்தசை

ஐசியு டாக்டரும் குடும்பமும் ஒப்புக்கொண்டால் செய்யலாம். ஆனால் ஐசியுவில் இரண்டு வகை நோயாளிகளிடம் டாக்டர் நேரில் சொல்லாமல் போக வேண்டாம். ரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறவர் ஒருவர். மண்டைக்குள் அழுத்தம் கூடியவர் மற்றொருவர். அவருக்குச் சின்னத் தூண்டுதல்கூட அழுத்தத்தை ஏற்றலாம்.

மற்றவர்களிடம், முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். மயக்க மருந்தில் இருப்பவருக்கும் காது கேட்கக்கூடும். பிறகு ஒரு நிமிடம் மானிட்டரைப் பார்த்து இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாய் பேசாது, அந்த எண்கள்தான் பேசும். முகத்தையும் பாருங்கள்: புருவம் சுருங்குவது, கண் இறுகுவது, கை விறைப்பது, வென்ட்டிலேட்டரோடு ஒத்துப்போகாமல் இருமுவது. ஐசியுவில் பேச முடியாதவரின் வலியை அளக்கும் சிபாட் அளவுகோலும் இவற்றைத்தான் பார்க்கிறது: முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்ட்டிலேட்டர் ஒத்திசைவு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 8. தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை போடுங்கள். எண் ஏறினால் நீவுவதை நிறுத்திக் கையை அப்படியே வையுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் எடுத்துவிடுங்கள். துடிப்பு தொடங்கும்போது இருந்ததைவிட 20க்கு மேல் கூடினாலோ ஆக்சிஜன் 90க்குக் கீழே போனாலோ உடனே நர்ஸ்.

தசையைத் தளர்த்தும் மருந்து போடப்பட்டவருக்கு முகத்தில் எதுவும் தெரியாது. மானிட்டர் ஒன்றுதான் சாட்சி. அவரிடம் கை வைப்பதோடு நின்றுவிடுங்கள். மனக்குழப்பத்தில் கையை வீசுகிறவருக்கு நீவல் ஏதோ ஊர்வதுபோல் தோன்றி பயத்தைக் கூட்டும். அங்கேயும் அசையாத பிடிதான்.

இடம்: ஆர்டீரியல் லைன் (ரத்த அழுத்தம் பார்க்கத் தமனிக்குள் வைத்த குழாய்) இல்லாத கை, இரண்டு பாதங்கள். கழுத்து, முகம் வேண்டாம், மூச்சுக்குழாய் டியூப் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் ஆபத்து. விரலில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் கிளிப்பைத் தொடாதீர்கள். லோஷன் பட்டு வழுக்கினால் அளவு சரிந்ததாகக் காட்டி அலாரம் அடிக்கும், எல்லாரும் ஓடி வருவார்கள். ஒரே வேகம், ஒரே அழுத்தம், ஒவ்வொரு நீவலும் மூன்று தடவை என்று மாறாமல் செய்வது நல்லது. அடுத்து என்ன வரும் என்று அந்த உடம்புக்கு இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஐசியுவில் வேறெதுவும் அவருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. முதல் முறை 5 நிமிடம், தாங்கினால் 10.


பதில் 5: சான்றுநோக்கி

குடும்பத்தாரிடம் எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 3 ஆண்டுகளில் 1,290 நோயாளிகள். மசாஜுக்குப் பின் வலி, பதற்றம், சோர்வு, குமட்டல் மதிப்பெண்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மசாஜ் பெறாத குழு அதில் இல்லை. 2008இல் வந்த இன்னொன்றில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள்: முற்றிய புற்றுநோய் உள்ள 380 பேர், இரண்டு வாரத்தில் 30 நிமிட அமர்வு 6 வரை. ஒரு குழுவுக்கு மசாஜ், மறு குழுவுக்குப் பயிற்சியில்லாதவர் கையை வெறுமனே வைத்திருப்பது. அமர்வு முடிந்ததும் வலியும் மனநிலையும் இரு குழுவிலும் தேறின, மசாஜ் குழுவில் கூடுதலாக. நாள்பட நிலைக்கும் பலனில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே “வலி போய்விடும்”, “ரத்த ஓட்டம் சீராகும்”, “நச்சு வெளியேறும்” என்றெல்லாம் சொல்லாதீர்கள். இன்றைக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான் உறுதி. வலி மருந்தைக் குறைக்கச் சொல்லவே கூடாது. வெறும் கை வைப்பதற்கும் பலன் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிளேட்லெட் 15,000 என்று ரிப்போர்ட் வரும் நாளில் நீங்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.


பதில் 6: இரவுப்பணி

ஒண்ணு விட்டுப்போச்சு. முடிச்சதும் கேஸ் ஷீட்டில் எழுதுங்க, “மசாஜ் செய்யப்பட்டது”ன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனமில்லை. இப்படி: “மாலை 4:10–4:25. வலது கை, இரு பாதம். முதல் படி. பிளேட்லெட் 42,000 (இன்று காலை). வலி முன் 6, பின் 4. இடது குதிகாலில் வெளுக்காத சிவப்பு, நர்ஸிடம் தெரிவிக்கப்பட்டது.” அடுத்த நாள் காலையில எங்கேயாவது நீலக்கட்டு தெரிஞ்சா, டாக்டர் முதல்ல தேடுறது இந்த வரியைத்தான்.